டப்பிங் செய்த சுனாமி

"கடல் உள்வாங்கினா ஓடு!"

சுனாமி பத்தி பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு தமிழ்ல சுத்திக்கிட்டு இருக்குற ரெண்டு நிமிஷ அனிமேஷன்களை ஒரு ராத்திரி உக்காந்து வரிசையா பார்த்தேன். நான் பார்த்ததுல பெரும்பாலானதில் நடுநாயகமா நிக்கிறது இந்த வரிதான். பொன்னிறத் தலைமுடியோட ஒரு பாப்பா, கையில சின்ன வாளி, திடீர்னு பின்வாங்குற கடல், துள்ளுற மீன், அப்புறம் பத்து மாடி உயரத்துக்குச் சுருண்டு வர்ற நீல அலை. பின்னணியில டொய்ங் டொய்ங்னு ஒரு மியூசிக். கடைசியில லோகோ. பாடம் முடிஞ்சது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வரியில பொய் கிடையாது. கடல் வழக்கத்துக்கு மாறா உள்வாங்கினா ஓடத்தான் வேணும். ஆனா கடலூர்க் கரையில இருக்குற பிள்ளைக்கு அது பாதிப் பாடம். பாதிப் பாடத்தை முழுப் பாடம்னு நம்புறது உயிருக்கு ஆபத்து. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், நிறைய காரம். பொறுத்துக்குங்க மக்களே.

மேட்டருக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26, இந்திய நேரப்படி காலை 6.29. சுமத்ராவுக்குப் பக்கத்துல கடலுக்கடியில 9.1 அளவுல பூகம்பம். அந்த முறிவுக்கு மேற்குப் பக்கம் கடல் தரை மேலே எம்பிச்சு, கிழக்குப் பக்கம் கீழே இறங்கிச்சு. அதனால கிழக்கே இருந்த தாய்லாந்துக் கரைக்கு முதல்ல போனது பள்ளம். மேற்கே இருந்த நம்ம கரைக்கு முதல்ல வந்தது மேடு. சென்னைத் துறைமுகத்துக் கடல்மட்டக் கருவியின் பதிவுலயும் தண்ணீர் முதல்ல ஏறித்தான் இருக்கு. நம்ம பக்கம் கடல் பெரிசா உள்வாங்கினது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல.

அப்போ அந்த வாளிப் பாப்பா எங்கேருந்து வந்தா? தாய்லாந்திலிருந்து. புக்கெட் தீவுல மைகாவ் கடற்கரையில டில்லி ஸ்மித்னு பத்து வயசு ஆங்கிலேயச் சிறுமி. ஊர்ல ரெண்டு வாரம் முன்னாடிதான் பூகோள வகுப்புல சுனாமி பத்திப் படிச்சிருந்தா. கடலோட போக்கு மாறுறதைப் பார்த்துட்டுக் கத்தி, கரையில இருந்தவங்களைக் காப்பாத்தினா. அருமையான, உண்மையான கதை. உலகம் முழுக்கப் பரவுச்சு, அனிமேஷன் ஆச்சு. அதை நம்ம ஆளுங்க இறக்குமதி பண்ணி, தமிழ்க் குரல் ஒட்டி, தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்குக் காட்டுறாங்க.

பிள்ளைங்க சும்மா கேட்டுக்கிறது இல்லைங்க. கேட்டதுல இருந்து அதுங்களே இன்னொண்ணு முடிவு பண்ணும். "உள்வாங்கினா ஓடு"ன்னு நாம சொன்னா, "உள்வாங்கலைன்னா பயமில்லை"ன்னு அது எடுத்துக்கும். அந்த ரெண்டாவது வரியை யாரும் சொல்லிக் கொடுக்கலை. ஆனா நம்ம கரையில 2004ல் ஆளை அடிச்சது அந்த ரெண்டாவது வரிதான்.

கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல செத்தாங்க. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளைக்கு எதிர்ல இருந்த எம்.ஜி.ஆர். திட்டு. அப்போ எனக்கு ஏழு வயசு. இன்னிக்கு அதே ஊர்கள்ல எட்டாவது படிக்கிற பிள்ளை அப்போ பிறக்கவே இல்லை. அதுக்குச் சுனாமின்னா அப்பா அம்மா சொல்ற கதை, அப்புறம் இந்த ரெண்டு நிமிஷப் படம். ரெண்டுல எது மனசுல நிக்கும்னு நினைக்கிறீங்க?

என் குற்றச்சாட்டு இதுதான். குறை படம் வரைஞ்சவர்கிட்ட இல்லை, குரல் கொடுத்தவர்கிட்டயும் இல்லை. வேலை செய்யுற வரிசை தலைகீழா இருக்கு. இருக்குற படத்தை எடு, மொழிபெயர், குரல் ஒட்டு, மியூசிக் போடு, ஏத்து. இதுக்குப் பேர் படைப்பாம்! எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம், விடுங்க) "ஒரு பாராவுக்கு 30 செகண்ட், பாடப்புத்தகத்துல இருக்குற ஒரு வரியும் விட்டுப்போகக் கூடாது, ஓரத்துல ஏதாவது ஆடிக்கிட்டே இருக்கணும்"னு எனக்கே எழுத்துல கொடுத்தாங்க. ஆடிக்கிட்டே இருக்குறதுக்குப் பேர் அனிமேஷன்னா, ஊஞ்சல் கூட அனிமேஷன்தான் :)

சரி, சரியான வரிசை என்ன? நான் வாரநாள்ல பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். ஞாயித்துக்கிழமைகள்ல நாங்க மூணு பேர் (சிதம்பரத்துல பாடம் நடத்துற ஒரு நண்பர், கடலூர்ல படம் வரையுற ஒரு நண்பர், நான்) சேர்ந்து 2 நிமிஷம் 10 செகண்ட்ல ஒரு சுனாமிப் படம் பண்ணினோம். நாலு மாசம் ஆச்சு. அந்த அனுபவத்தை வச்சுச் சொல்றேன்.

1. முதல்ல பிள்ளைகிட்ட கேளு

எங்க முதல் வேலை கம்ப்யூட்டரைத் திறக்கிறது இல்லை. எட்டாவது படிக்கிற பிள்ளைங்ககிட்ட ஒரு தாளைக் கொடுத்து "சுனாமி வரைங்க"ன்னு சொன்னதுதான். வந்தது எல்லாம் தசாவதாரம் கிளைமாக்ஸ். ஒத்தை அலை, ராட்சச உயரம், நுனியில சுருள். "எத்தனை அலை வரும்?"னு கேட்டா "ஒண்ணு"ன்னுட்டாங்க.

உண்மை வேற. சுனாமி கரைக்கு வரும்போது பெரும்பாலும் வெள்ளம் மாதிரி நிமிஷக் கணக்கா ஏறிக்கிட்டே இருக்கும். போகும், திரும்ப வரும். ரெண்டாவதோ மூணாவதோ முதல் அலையைவிடப் பெரிசா இருக்கலாம். முதல் அலை வடிஞ்சதும் பொருளை எடுக்கத் திரும்பிப் போறது மரணத்துக்கு அழைப்பு. ஆக எங்க படம் உடைக்க வேண்டியது எதை? பிள்ளை மனசுல இருக்குற அந்த ஒத்தை அலையை. இது தெரியாம எவ்வளவு அழகா வரைஞ்சாலும், பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் அதுல பார்க்கும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. வெரிடாசியம் சேனல் நடத்துற டெரிக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்துல 2008ல் முடிச்ச முனைவர் பட்ட ஆய்வே இதைப் பத்தித்தான். இயற்பியலைத் தெளிவா, சுருக்கமா விளக்குற வீடியோவைப் பார்த்த மாணவர்கள் "சூப்பர், புரிஞ்சுது"ன்னாங்க. மார்க் பெரிசா ஏறலை. தப்பான எண்ணத்தை முதல்ல எடுத்துப் போட்டு, அதோட மல்லுக்கட்டுற வீடியோவைப் பார்த்தவங்க "குழப்பமா இருக்கு"ன்னாங்க. மார்க் ஏறிச்சு. பார்க்க வழவழன்னு இருக்குறது வேற, மண்டையில ஏறுறது வேற.

2. தமிழ்லயே எழுது, குரலை முதல்ல பதிவு பண்ணு

டப்பிங் ஏன் வேலைக்கு ஆகாதுன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன இலக்கணப் பாடம். ஆங்கில வாக்கியம் "தண்ணி எம்பிச்சு"ன்னு ஆரம்பிச்சுட்டு, காரணத்தை வால்ல சேர்த்துக்கும். அதனால அந்தப் படத்துல தண்ணி முதல்ல அசையும், தட்டு பின்னாடி மின்னும். தமிழ்ல நாம எப்படிச் சொல்வோம்? "தட்டு எம்பினதால தண்ணி எம்பிச்சு." காரணம் முன்னாடி, வினை கடைசியில. இப்போ இந்தத் தமிழ் வரியை அந்தப் படத்து மேல ஒட்டுங்க. காது "தட்டு"ன்னு கேக்கும்போது கண்ணு தண்ணியைப் பார்க்கும். காது "தண்ணி" கேக்கும்போது கண்ணு தட்டைப் பார்க்கும். பிள்ளை எதை நம்பும்? ஒரே ஒரு வாக்கியத்துல இந்தக் கூத்து. ரெண்டு நிமிஷத்துல எத்தனை வாக்கியம்!

போதாக்குறைக்கு, நம்ம சொற்கள் நீளம். அதே நொடிக்குள்ள அடக்கணும்னு குரல் கொடுக்குறவர் ரயிலைப் பிடிக்க ஓடுற மாதிரி பேசுவார். தமிழ்ச் சினிமா டப்பிங்ல வாய் அசைவுக்குப் படுற பாட்டைப் பார்த்திருப்பீங்க. இங்கே அசையுறது வாய் இல்லை, பாடமே.

அனிமேஷன்ல பழைய வழக்கம் ஒண்ணு உண்டு. குரலை முதல்ல பதிவு பண்ணி, எந்தச் சொல் எத்தனையாவது சட்டத்துல விழுதுன்னு அட்டவணை போட்டு, அப்புறம்தான் வரைவாங்க. எங்க 130 செகண்டுக்கு, செகண்டுக்கு 24 சட்டம்னு மொத்தம் 3120 சட்டம். நிதானமாப் பேசினா நிமிஷத்துக்கு 90 சொல்னு கணக்கு வச்சுக்கிட்டோம். ஆக மொத்தக் கையிருப்பு 195 சொல். அதுக்குள்ள என்ன சொல்லணும்னு சண்டை போட்டதுலதான் ஆறு ஞாயிறு போச்சு. சுனாமிங்கிறது ஜப்பானியச் சொல், அதுக்கு இன்ன அர்த்தம்னு ஆரம்பிக்கிற அந்த மாமூல் வரி முதல் வாரமே அவுட்.

3. அசைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்து

சிதம்பரம் நடராசர் கோயில் கோபுர வாயில்கள்ல 108 கரணங்களைச் செதுக்கி வச்சிருக்காங்க, பார்த்திருப்பீங்க. கரணம்கிறது ஒரு நிலை இல்லை, முழு அசைவுன்னு ஆராய்ந்து வாதாடினவர் பத்மா சுப்ரமணியம். இப்போ சிற்பியோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அசைவு நீளமானது, கையில இருக்குறது ஒரே ஒரு கல். அந்த அசைவுல எந்தக் கணத்தைப் பிடிச்சா மிச்சத்தையும் பார்க்குறவன் மனசே ஓட்டிப் பார்த்துக்கும்? அதைத் தேர்ந்தெடுக்கிறதுதான் வித்தை. செதுக்குறது அதுக்கு அப்புறம்.

நாங்களும் அதையே பண்ணினோம். மொத்தப் படத்தையும் ஒன்பது நிலைப்படமா வரைஞ்சு, தாள்ல வரிசையா ஒட்டி, பிள்ளைங்ககிட்ட "கதை சொல்லுங்க"ன்னோம். எங்கே தடுக்கினாங்களோ அந்த இடத்துக்குத்தான் அசைவு. மத்த இடத்துல படம் சும்மா நிக்கும். 2002ல் பார்பரா ட்வெர்ஸ்கியும் கூட இருந்தவங்களும் இந்த விஷயத்துல வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதே தகவலைத் தர்ற நல்ல நிலைப்படத்தைவிட அனிமேஷன் உசத்தின்னு நிரூபணம் ஆகலைங்கிறது அதோட சாரம். காரணம் எளிசு. நிலைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அசையுறது பிடிபடுறதுக்குள்ள போயிடும். ஓரத்துல ஏதாவது ஆடிக்கிட்டே இருக்கணும்னு கேட்ட அந்தக் கம்பெனிக்கு இதை அச்சடிச்சு அனுப்பலாம்னு பார்க்கிறேன்.

4. எங்கே பொய் சொல்றோம்னு சொல்லிடு

நடுக்கடல்ல 2004 சுனாமியோட உயரம் என்ன தெரியுமா? பூகம்பத்துக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு மேலே பறந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தது சுமார் 60 செ.மீ. இடுப்பு உயரம் கூட இல்லை! ஆனா நீளம் நூத்துக்கணக்கான கிலோமீட்டர்.

இதை அளவு மாறாம வரையணும்னா என்ன ஆகும்? 1920 புள்ளி அகலமுள்ள திரையில 400 கி.மீ. கடலைக் காட்டினா ஒரு புள்ளி சுமார் 208 மீட்டர். 4 கி.மீ. ஆழம் வெறும் 19 புள்ளி. 60 செ.மீ. அலை ஒரு புள்ளியில ஏறக்குறைய 350ல் ஒரு பங்கு. அதாவது திரையில ஒண்ணுமே தெரியாது! ஆக, அலை கண்ணுக்குத் தெரியுற எந்தச் சுனாமிப் படமும் அளவுல பொய்தான். பொய் சொல்றது தப்பில்லை, வேற வழி கிடையாது. ஆனா அதைப் பிள்ளைகிட்ட ஒத்துக்கணும். எங்க படத்துல 6 சொல்லை இதுக்குச் செலவு பண்ணினோம்: "உங்களுக்குத் தெரியணும்னு அலையைப் பல மடங்கு பெருக்கியிருக்கோம்." அப்புறம்தான் மணிக்கு 700 கி.மீ. வேகத்துல வர்ற அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கி.மீ.க்குக் குறைஞ்சு, பின்னாடி வர்ற தண்ணி முன்னாடி மேல ஏறுறதைக் காட்டினோம்.

5. நம்ம ஊர்க் கதையையும் சோதிச்சுப் பாரு

இறக்குமதியைத் திட்டினா மட்டும் போதாது. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை வச்சு ஒரு மாமூல் காட்சி உண்டு. மரத்துக்குக் கண்ணு மூக்கு வச்சு, ரெண்டு கையையும் விரிச்சு அலையைத் தடுக்கிற மாதிரி. அலையாத்தின்னு பேரிலேயே அலையை ஆத்துறது இருக்கு, சொல்லணுமா!

பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்துல 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, தாவரப் போர்வை உயிர்ச்சேதத்தைக் குறைச்சதுன்னு 2005ல் எழுதினாங்க. மறு வருஷமே வேற ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, ஊர் கடலைவிட்டு எவ்வளவு தூரம், எவ்வளவு மேடுங்கிறதே பெரும்பாலானதை விளக்கிடுதுன்னு மறுத்தாங்க. மரம் காப்பாத்துச்சா, மேடு காப்பாத்துச்சா? காட்டைக் காக்க ஆயிரம் நல்ல காரணம் இருக்கு. ஆனா கிள்ளைப் பக்கத்துப் பிள்ளைக்கு "காடு இருக்கு, கவலை இல்லை"ன்னு காட்டுற உரிமை எனக்குக் கிடையாது. அதனால எங்க படத்துல மரம் மரமாவே நிக்குது. பிள்ளை மேட்டைப் பார்த்து ஓடுது.

கடைசிப் பாடமா நாங்க வச்ச வரி இது: "கடல் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, எச்சரிக்கை வந்தாலும் சரி, மேட்டுக்குப் போ. அலை போயிடுச்சுன்னு நீயா திரும்பாதே." 2004ல் பூகம்பத்துக்கும் நம்ம கரைக்கு அலை வந்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை. 2007 அக்டோபர்ல ஐதராபாத் இன்காய்ஸ்ல எச்சரிக்கை மையம் வந்தாச்சு. கடலைப் பார்த்து முடிவு பண்ற வேலையே பிள்ளைக்கு வேண்டாம். எச்சரிக்கை வந்தா கடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம கிளம்பணும். வாளிப் பாப்பா படத்துல இது எங்கேயுமே இல்லை.

"அதெல்லாம் சரிப்பா, ஆனா..."

பின்னூட்டத்துல வரப்போறது தெரியும். இப்பவே பதில் சொல்லிடுறேன்.

"டப்பிங்காவது இருக்கே, ஒண்ணுமே இல்லாததுக்கு?" கிரகணம் எப்படி வருதுன்னு காட்டுற படமா இருந்தா சரி, நிலா எல்லாருக்கும் ஒண்ணுதான். (வரிசை உதைக்கும், அது தனி.) ஆனா கடல், மண், மழை, பயிர், நோய் எல்லாம் ஊருக்கு ஊர் வேற. அங்கே வேற ஊர்ப் பாடம் இல்லாததைவிடக் கேடு.

"காசு யார் கொடுப்பா?" பிளெண்டர் இலவசம், கிரிட்டா இலவசம், 2016ல் இருந்து ஓப்பன்டூன்ஸும் இலவசம். எங்களுக்கு ஆன செலவு ஒரு மைக், பஸ் சார்ஜ், பிள்ளைங்களுக்குப் பிஸ்கட். மிச்சமெல்லாம் நேரம்.

"எழுதிக் கேட்டா ஏஐயே வீடியோ போட்டுக் கொடுக்குதே?" கொடுக்கும். நான் கேட்டுப் பார்த்தேன். அதே சுருள் அலை, அதே நீலம், இன்னும் பளபளப்பா. வரையுற வேலை மலிவாகிட்ட காலத்துல, எதை வரையணும்னு யோசிக்கிறது மட்டும்தான் நமக்கு மிச்சம். அதையும் விட்டுக்கொடுத்துட்டா நாம எதுக்கு?

2018ல் இருந்து பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு, 2019ல் கல்வித் தொலைக்காட்சி, 2023ல் மணற்கேணி செயலி. வீட்டு வாசல் வரைக்கும் குழாய் போட்டாச்சு. அதுல என்ன விடப்போறோம்ங்கிறது பதிவு எழுதுற, படம் வரையுற, பொட்டி தட்டுற நம்ம எல்லாருடைய வேலையும்தான்.

ஒரே ஒரு கோரிக்கை. இனிமே தமிழ்ல யார் கல்வி அனிமேஷன் போட்டாலும், லோகோவுக்கு முன்னாடி ரெண்டு வரி போடணும். இது எந்த ஊர்ப் பிள்ளைக்காக? அந்தப் பிள்ளை இதுவரைக்கும் எதைத் தப்பா நம்பிக்கிட்டு இருந்துச்சு? இந்த ரெண்டுக்கும் பதில் எழுத முடியலைன்னா, அந்தப் படத்தை ஏத்தாதீங்க. பிள்ளை அந்த ரெண்டு நிமிஷம் வெளியே போய் விளையாடட்டும்.

டிஸ்கி: டப்பிங் கலைஞர்கள் யாரும் கோவிச்சுக்காதீங்க. உங்க குரல் அருமை. உங்களுக்குத் தமிழ்ல எழுதின வசனம் கொடுங்கன்னுதான் நான் கத்துறேன். ஆட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் படிச்சிடுங்க :))